ஓம் அக்கா, வாசிச்சனான்

நாற்பத்தொன்பது வயதுக்குள் மீனம்மா கேட்ட பொய்களுக்குக் குறைவில்லை. அடுத்த மாதம் வீட்டுத்திட்டம் வரும் என்றார்கள். ஆறு வருடம் கழித்து வந்தது. பஸ் இந்தா வந்திடும் என்பார்கள். பரந்தன் சந்தியில் ஒன்றரை மணித்தியாலம் கால் கடுக்க நிற்பாள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். அவளுக்கு உச்சந்தலையில் சூடேற்றும் பொய் ஒன்றே ஒன்றுதான்: ‘ஓம் அக்கா, வாசிச்சனான்.’

வாசிக்கவில்லை. ஒருவரும் வாசிக்கவில்லை. ‘குருதி உறவுகள்’ என்ற வாட்ஸ்அப் குறூப்பில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று மூன்று மாவட்டத்து ஆட்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் யாருக்காவது இரத்தம் தேவைப்பட்டால், அந்த வகை இரத்தம் உள்ளவரைத் தேடிப்பிடித்து அனுப்புவதற்காக உண்டான குறூப் அது. அதற்குச் சட்டம் ஒன்பது. மெல்ல வாசித்தால் மூன்று நிமிடம் பிடிக்கும். மீனம்மா மணிக்கூட்டை வைத்துப் பார்த்திருக்கிறாள். புதிதாக வருபவருக்கு அவள் சட்டங்களை அனுப்பினால், இருபது செக்கனில் பதில் வந்துவிடும். வாசிச்சனான் அக்கா. பின்னால் ஒரு கைகூப்பல் படம் வேறு. இருபது செக்கனில் ஒன்பது சட்டம்! பரீட்சைக்கு இந்த வேகத்தில் படித்திருந்தால் இவர்கள் எல்லாரும் இன்றைக்கு டொக்டராகி இருப்பார்கள், இரத்தம் தேடவும் தேவை இருந்திருக்காது.

மீனம்மா தர்மபுரத்துக்காரி. எழுபத்தேழுக் கலவரத்தில் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தாயும் தகப்பனும் அவளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். கணவர் போய்ப் பதினாறு வருடமாகிறது. ஒரே மகள் பிரேமிளா வவுனியாவில் கல்யாணம் கட்டியிருக்கிறாள். மீனம்மாவுக்கு ஆனையிறவு உப்பளத்தில் வேலை. வெயிலுக்கு நீளக்கைச் சட்டையும் தலையில் சுற்றிய துவாயுமாக உப்பு வாரிக் குவிப்பாள். போனைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சோற்றுப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். உப்புக்காற்றுப் பட்டால் போன் ஆறு மாதம் தாங்காது.

உப்பளத்திலும் சட்டம் உண்டு. பாத்திக்குள் சேற்றுக்காலோடு இறங்கக்கூடாது. வரம்பில் நின்று காலைக் கழுவிவிட்டுத்தான் இறங்கவேண்டும். முன்பு ஒருதரம் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை ஒருத்தி, சொன்னதற்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, நேரே சேற்றுக்காலை வைத்தாள். பால் மாதிரி விளைந்திருந்த பாத்தி அழுக்காகிப்போனது. அத்தனை பெண்களின் ஒரு நாள் உழைப்பு அதோடு சரி. அதற்குப் பிறகுதான் மீனம்மா சட்டம் என்பதை மதிக்கத் தொடங்கினாள் என்று சொல்லமுடியாது, அவள் சுபாவமே அப்படி. ஆனால் அன்றைக்கு அவள் அந்தப் பிள்ளைக்குச் சொன்னதை இன்றைக்கும் குறூப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்: “சட்டம் எண்டது பெரிய மனுசத்தனம் காட்டுறதுக்கில்லைப் பிள்ளை. முந்தி ஆரோ பட்ட பாடு அது.”

குறூப்பை அவள் தனியாகத் தொடங்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பையில் ஒப்பரேசன். இரத்தம் போதவில்லை என்றார்கள். மகள் ஆஸ்பத்திரி வாட்டு வாசலில் நின்று அழுதுகொண்டிருக்க, தன் மச்சானைப் பார்க்க வந்த முல்லைத்தீவுத் துணி வியாபாரி ஒருவர், “என்ன பிள்ளை, ஏன் அழுறீங்க?” என்று கேட்டு, விசயம் தெரிந்ததும் நேரே போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். அவர்தான் மஹ்றூப். பெயர் தெரியாத மனுசிக்கு இரத்தம் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் மனைவி றாபியாவையும் கூட்டிக்கொண்டு சூப்போடு வந்தார். “என்ட ரத்தம் உங்கட உடம்புல ஓடுது. இனி நீங்க எனக்குத் தங்கச்சி,” என்றார். அன்றிலிருந்து அவர் மீனம்மாவுக்கு ‘நானா’, அவர்கள் பேச்சில் அண்ணன். இரண்டு பேருமாகத் தொடங்கியதுதான் குறூப். அட்மின் இரண்டு பேர்: கோபிக்க ஒருவர், சமாதானம் பண்ண ஒருவர்.

ஒன்பது சட்டத்துக்குப் பின்னாலும் ஒன்பது கதை இருந்தது. நோயாளியின் படம் போடக்கூடாது என்பது முதலாம் சட்டம். டெங்கு வந்த நிசாந்தினி என்ற பிள்ளையின் படத்தோடு யாரோ இரத்தம் கேட்டுப் போட்டுவிட, அது கொழும்பு, கனடா, டுபாய் என்று சுற்றிச் சுற்றி, ஆறு வருடமாக இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளை சுகமாகி, கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளையும் பெற்றுவிட்டாள். இன்றைக்கும் மாதத்துக்கு ஒருவராவது அவளுக்குப் போன் எடுத்து, தங்கச்சி எப்பிடி இருக்கிறீங்கள், பிளட் கிடைச்சுதா என்று கேட்கிறார்கள். நான்காம் சட்டம், தன் படத்தில் தன் முகம்தான் இருக்கவேண்டும். கடவுள் படமும் நடிகர் படமும் ஆகாது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று முருகப்பெருமானைத் தேடி அலைந்தவர் ஒருவரின் கதை அது. ஆறாம் சட்டம், தேவை முடிந்தது என்று அட்மின் இருவரில் ஒருவர் சொல்லும்வரை, இரத்தம் கொடுக்கப் புறப்பட்டவர் பாதிவழியில் திரும்பக்கூடாது. அதன் கதையை மீனம்மா சொல்லமாட்டாள். அது நல்லபடி முடியாத கதை.

காலை வணக்கம் போடுகிறவர்களின் தொல்லை தாங்காமல் ஒருதரம் அட்மின் மட்டும் எழுதலாம் என்று குறூப்பைப் பூட்டியும் பார்த்தாள். அந்த வாரமே ஒரு விபத்துக்காரருக்கு அவசரம். இவளுடைய போன் பொலித்தீனுக்குள், மஹ்றூபின் போன் சார்ஜில். ஒரு மணித்தியாலம் வீணாய்ப் போனது. அன்றைக்கே பூட்டைத் திறந்துவிட்டாள். ஆட்களை நம்பித்தான் ஆகவேண்டும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, உப்பளத்துக்குப் போகும் வழியில் போன் வந்தது. ஸ்கந்தபுரத்துச் சஜீவன். அக்கராயன் சந்தியில் மோட்டச்சைக்கிள் திருத்துகிறவன், இருபத்தாறு வயது. தாய் சுப்பம்மாவுக்கு வயிற்றில் கட்டி. செவ்வாய் காலை ஒப்பரேசன். இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த திகதி. ஏ நெகட்டிவ் இரத்தம் ஒரு பைந்துப் பை ஆஸ்பத்திரியில் இருக்கிறது, இன்னொரு பைந்து திங்கள் மத்தியானத்துக்குள் வந்தால்தான் திகதி நிற்கும். தவறினால் அடுத்த திகதிக்கு ஒரு மாதம் ஆகலாம், அம்மாவின் உடம்பு அவ்வளவு தாங்குமோ தெரியாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

“தம்பி, அழாதீங்கோ. பேர், வாட்டு, நேரம் எல்லாம் நான் எழுதிட்டன். உங்களைக் குறூப்பில சேர்க்கிறன். முதலில சட்டங்களை வாசியுங்கோ. நீங்கள் ஒண்டும் போடத் தேவையில்லை, நான் போடுறன். விளங்குதோ?”

“ஓம் அக்கா.”

சேர்த்தாள். சட்டங்களை அனுப்பினாள். பதினைந்து செக்கன். ஓம் அக்கா, வாசிச்சனான். மீனம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். தாய்க்கு ஒப்பரேசன், பாவம், விடுவம் என்று விட்டாள்.

குறூப்பில் ஏ நெகட்டிவ் மூன்று பேர். ஒருவர் கட்டாரில். மற்றவர் மஹ்றூப், போன மாதம்தான் கொடுத்திருந்தார். நான்கு மாதம் போகாமல் மறுபடி எடுக்கமாட்டார்கள். மிச்சம் நெடுங்கேணி வினோதன். மூன்று கிழமைக்கு முன் சேர்ந்தவன். அவனும் இருபது செக்கன் ஆள்தான். படத்தில் முருகன் வேலும் மயிலுமாக நின்றார். வேறு யாருமென்றால் மீனம்மா அன்றைக்கே வெளியில் விட்டிருப்பாள். ஏ நெகட்டிவ் என்றதும், சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்று உள்ளே எடுத்துவிட்டாள். இதைப் பிறகு அவளே தன் வாயால் சொன்னாள்.

வினோதன் நல்ல பிள்ளை, அதில் குறை சொல்லமுடியாது. போன் எடுத்தவுடன், “வாறன் அக்கா, இப்ப வெளிக்கிடுறன்,” என்றான். எட்டரைக்கு மோட்டச்சைக்கிளில் புறப்பட்டான். புளியங்குளத்துக்கு வந்து, ஏ-நைன் வீதியில் ஏறி, மாங்குளம் தாண்டிக் கிளிநொச்சி. பன்னிரண்டுக்கு முன்னால் தாராளமாக வந்து சேரலாம். மீனம்மா ஆறுதலாகப் பாத்திக்குள் இறங்கினாள்.

ஒன்பதரை மணிக்கு ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்த சஜீவனுக்கு மனம் கேட்கவில்லை. ஒருவர்தான் வருகிறார், அவரும் வராவிட்டால்? ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருந்த போட்டோக் கடைக்குப் போய், போனில் இருந்த தாயின் படத்தை வெட்டிச் சீராக்கி, கீழே ஒரு அறிவித்தல் எழுதுவித்துக் குறூப்பில் போட்டான். படம் கோயில் திருவிழாவில் எடுத்தது. பட்டுச்சீலை, நெற்றி நிறையத் திருநீறு, சுற்றிவர மஞ்சள் பூ. கீழே எழுதியிருந்தது இப்படி:

‘பதுளையைப் பிறப்பிடமாகவும் ஸ்கந்தபுரத்தை வதிவிடமாகவும் கொண்ட திருமதி இராமையா சுப்பம்மா அவர்கள், காலஞ்சென்ற இராமையாவின் அன்பு மனைவியும், சஜீவன், யதுர்ஷிகா ஆகியோரின் பாசமிகு தாயாரும் ஆவார். அன்னாருக்கு…’

அவ்வளவுதான் திரையில் தெரியும். ‘மேலும் வாசிக்க’ என்ற இடத்தைத் தொட்டால்தான், அன்னாருக்கு நாளை ஒப்பரேசன், ஏ நெகட்டிவ் இரத்தம் அவசரமாகத் தேவை, உதவுங்கள் உறவுகளே என்ற மிச்சம் வரும். ஒருவரும் தொடவில்லை. ஏன் தொடவேண்டும்? பட்டுச்சீலைப் படம், பிறப்பிடம், வதிவிடம், அன்னார். மரண அறிவித்தல் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த கண்களுக்கு மிச்சத்தை வாசிக்க என்ன இருக்கிறது?

பத்து மூன்றுக்கு முதல் ஆள் போட்டார்: ஆழ்ந்த இரங்கல். பிறகு மடை திறந்துவிட்டதுபோல. ஆத்மா சாந்தியடைய இறைவனைப் பிரார்த்திக்கிறோம். ஓம் சாந்தி. கண்ணீர் அஞ்சலி. தங்கமான மனுசி, போய்விட்டீங்களே அம்மா. கைகூப்பல், பூ, விளக்கு, அழுகிற முகம். வருடக்கணக்காக வாய் திறக்காமல் கிடந்தவர்கள்கூட அன்றைக்கு எழும்பி வந்து அனுதாபம் தெரிவித்தார்கள். இரத்தம் கேட்டால் நான்கு பேர்கூட எட்டிப் பார்க்காத குறூப்பில், இரங்கல் இருபத்தைந்து நிமிடத்தில் நாற்பத்தேழு.

பத்தரைக்குத் தேத்தண்ணிக்குக் கரை ஏறிய மீனம்மா போனைப் பிரித்தாள். ஐயோ, மனுசி போயிட்டாவோ? மேலே போய், படத்தைப் பார்த்து, ‘மேலும் வாசிக்க’வைத் தொட்டு, முழுவதும் வாசித்தாள். நாற்பத்தேழு பெயரையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். முப்பத்தொன்றாவது பெயரில் நின்றாள். வேலும் மயிலும். வினோதன். ‘ஆழ்ந்த இரங்கல்கள் அம்மா.’ நேரம் பத்து இருபது.

இரத்தம் கொடுக்க வந்துகொண்டிருந்தவனே இரங்கல் போட்டிருக்கிறான்!

போன் எடுத்தாள். அடித்து ஓய்ந்தது. திரும்பவும் எடுத்தாள். மோட்டச்சைக்கிளில் போகிறவனுக்குக் காற்றுச் சத்தத்தில் என்ன கேட்கும்? பிறகு தெரிந்தது, மாங்குளத்தில் தேத்தண்ணி குடிக்க நின்றவன் குறூப்பைப் பார்த்திருக்கிறான். மனவருத்தப்பட்டிருக்கிறான், இரங்கலும் போட்டிருக்கிறான், இனி ஏன் போகவேண்டும் என்று வண்டியைத் திருப்பி நெடுங்கேணிக்கே விட்டிருக்கிறான். மீனம்மாவிடம் ஒரு சொல் கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஆறாம் சட்டம் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

அதற்குள் சஜீவன் போனில் கத்தினான். “அக்கா, என்னக்கா செய்து வைச்சிருக்கிறியள்? கனடாவில இருந்து மாமி அழுதுகொண்டு எடுக்கிறா. சுவிசில இருந்து சித்தப்பா டிக்கட் பாக்கிறாராம். அம்மா கட்டில்ல இருந்து பிளேன்ரீ குடிச்சுக்கொண்டிருக்கிறா!”

“நான் செய்தனோ? தம்பி, படம் போடவேண்டாம் எண்டு முதலாம் சட்டத்தில என்ன எழுதியிருக்கு?”

மீனம்மா விடவில்லை.

“வாசிச்சனான் எண்டு சொன்னனீங்களே?”

“அம்மாவைப்பற்றி மரியாதையா எழுதவேணும் எண்டுதான் அக்கா…” என்றான். அழுதான்.

மரியாதையாக! அவன் சொன்னதில் என்ன பிழை? எங்கள் ஊரில் ஒரு ஏழை மனுசியின் பெயரை முழுதாக, திருமதி போட்டு, பிறந்த ஊரோடு, அவர்கள் என்று எழுதுவது செத்த பிறகு மட்டும்தான். உயிரோடு இருக்கும்போது அவள் வாட்டில் பதினாறாம் கட்டில், சங்கக் கடையில் ஏய் ஆச்சி, பஸ்ஸில் உள்ள போ உள்ள போ. அந்தப் பிள்ளைக்கு மரியாதைக்கு வேறு எந்த மாதிரி தெரியும்? மீனம்மாவுக்கு இப்போது அவன்மேல் இருந்த கோபம் வேறு எங்கோ திரும்பியது. எங்கே என்று யோசிக்க நேரமில்லை. மணி பத்து நாற்பது.

“நானா, எங்க நிக்கிறீங்கள்?” என்று மஹ்றூபுக்கு எடுத்தாள்.

திங்கட்கிழமைகளில் அவர் தன் வான் வண்டியைக் கொண்டுபோய்ப் புளியங்குளம் சந்தியில் நிறுத்தித் துணி விற்பார். அன்றும் அங்கேதான் நின்றார். மாங்குளத்திலிருந்து நெடுங்கேணிக்குத் திரும்புகிறவன் அந்தச் சந்தியால்தான் போகவேண்டும். மீனம்மா விசயத்தை இரண்டே வசனத்தில் சொன்னாள்.

“ஆளை எப்பிடி அடையாளம் பிடிக்கிறது தங்கச்சி? வண்டி நம்பர் தெரியுமா?”

“தெரியாது.”

“முகம்? குறூப்புல படம் இருக்குமே.”

“முருகன் இருக்கிறார்,” என்றாள் மீனம்மா, பல்லைக் கடித்தபடி.

மஹ்றூப் ஐம்பத்தாறு வயது மனுசன். முழங்கால் வருத்தக்காரர். வானில் தொங்கிய சிவப்புப் படுக்கை விரிப்பு ஒன்றை இழுத்தெடுத்து, சந்தியில் இறங்கி, மாங்குளப் பக்கமிருந்து வந்த மோட்டச்சைக்கிள் ஒவ்வொன்றையும் விரிப்பை ஆட்டி ஆட்டி மறித்தார். “தம்பி, நீங்க வினோதனா? தம்பி, நீங்க வினோதனா?” பைத்தியம் என்று நினைத்து இரண்டு பேர் நிற்காமல் போனார்கள். விரிப்பு என்ன விலை என்று ஒருவர் கேட்டார். ஒன்பதாவதாக மறித்தவன், தலைக்கவசத்தைக் கழற்றி, “ஓம், ஏன் அண்ணை?” என்றான்.

“ரத்தம் குடுக்கப் போனவர் ஏன் திரும்பி வாறீங்க?”

“அந்தம்மா மோசம் போயிட்டா அண்ணை.”

“ஆர் சொன்னது?”

“குறூப்பில எல்லாரும் போட்டிருக்கினம்.”

“நீங்களும்தான் போட்டிருக்கிறீங்க!” என்றார் மஹ்றூப். எட்டு வருடத்தில் அந்த மனுசன் குரல் உயர்த்தியது அது ஒருதரம்தான். “அவ மௌத்தாகல்ல தம்பி. கட்டில்ல இருந்து டீ குடிக்கிறா. திருப்புங்க வண்டிய!”

வினோதன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பினான். மஹ்றூப் கடையை அப்படியே பக்கத்துப் பழக்கடைக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, வானில் பின்னாலேயே போனார்.

மீனம்மா மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, உப்புப் படிந்த சட்டையோடு பஸ் ஏறிக் கிளிநொச்சிக்கு வந்தாள். பஸ்ஸில் நின்றபடியே குறூப்பில் படத்தை அழித்துவிட்டு எழுதினாள்: ‘அந்த அம்மா உயிரோடு இருக்கிறா. இரங்கல் போட்டவை எல்லாரும் ஒருக்கா வெட்கப்படுங்கோ.’ அதற்குப் பதிலாக வந்தது என்ன? பதினெட்டுக் கைகூப்பல். கடவுளுக்கு நன்றி. இறைவன் காப்பாற்றிவிட்டார். ஒருவர், இவ்வளவுக்கும் பிறகு, ‘ஆத்மா சாந்தியடையட்டும்’ என்று போட்டார். அவர் இதையும் வாசிக்கவில்லை. மீனம்மா பஸ்ஸுக்குள்ளேயே வாய்விட்டு ஏசிவிட்டாள். பக்கத்தில் நின்ற மனுசி ஒருத்தி விலகி நின்றாள்.

இரத்த வங்கி வாசலில் சஜீவன் சுவரில் சாய்ந்து நின்றான். பன்னிரண்டு அடித்தது. மீனம்மா உள்ளே போய் நேர்சிடம், ஆள் வந்துகொண்டிருக்கிறார் மிஸ், வழியில் ஒரு தடங்கல் என்று மன்றாடினாள். அந்தப் பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, “சரி, நான் இருக்கிறன், வரச்சொல்லுங்கோ,” என்றது. பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு வினோதன் வந்தான், பின்னாலேயே மஹ்றூபின் வானும். சட்டை முழுக்க ஏ-நைன் வீதிப் புழுதி. மீனம்மாவைப் பார்க்காமல் நேரே உள்ளே போய்க் கையை நீட்டினான். வெளியில் வந்தபோது, “அக்கா, சட்டத்தை…” என்று தொடங்கினான்.

“வாசிச்சனான் எண்டு மட்டும் சொல்லாதையும்,” என்றாள் மீனம்மா. “எனக்கும் குற்றம் இருக்கு. உம்மட இரத்தத்தைப் பாத்து, உம்மட முருகனைக் கண்டும் காணாமல் விட்டது நான்தான்.”

செவ்வாய்க்கிழமை ஒப்பரேசன் நடந்தது. கட்டியை எடுத்தார்கள். மூன்றாம் நாள் சுப்பம்மா எழும்பி உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரி விட்டு வீட்டுக்கு வந்த பிறகு விசயம் அவள் காதில் விழுந்தது. மகள் யதுர்ஷிகா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சுப்பம்மா படுத்திருந்தபடியே மகனைக் கூப்பிட்டு, ஆர் ஆர் என்ன என்ன போட்டவை, ஒண்டும் விடாமல் வாசி என்றாள். படத்தை அழித்தாலும் இரங்கல்கள் குறூப்பில் அப்படியே கிடந்தன. சஜீவன் நாற்பத்தேழையும் வாசித்தான். மீனம்மாவும் அன்றைக்குப் பார்க்க வந்து பக்கத்தில் கதிரையில் இருந்தாள்.

“ஆர், விமலேஸ்வரியோ? தங்கமான மனுசியாமோ? பக்கத்து வளவுக்குள்ள இருந்துகொண்டு நாலு வருசமா என்னோட முகம் குடுத்துக் கதைக்காதவள்!” என்றாள் சுப்பம்மா. தையல் இழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் வாசித்து முடிந்ததும் மீனம்மாவின் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள். “இதில எத்தினை பேர் பிள்ளை எனக்கு இரத்தம் தந்தவை?”

“ஒராள்,” என்றாள் மீனம்மா.

“நாப்பத்தேழு பேர் அழுதிருக்கினம். ஒராள்.” சுப்பம்மா கையை நீட்டினாள். “உந்தப் போனைத் தா பிள்ளை. எங்க அமத்திக் கதைக்கிறது?”

அவள் அன்றைக்குப் பேசிய குரல் பதிவுதான் இன்றைக்குக் குறூப்பின் முதலாம் சட்டம். சுப்பம்மாவின் சம்மதத்தோடு, அதே பட்டுச்சீலைப் படமும் அதற்கு மேல் இருக்கிறது. புதிதாக வருபவருக்கு எழுத்துக்கு முன்னால் முதலில் இது போகிறது:

“நான் சுப்பம்மா. பதுளையில பிறந்து ஸ்கந்தபுரத்தில இருக்கிறன். இருக்கிறன் எண்டதைக் கேட்டுக்கொள்ளுங்கோ. உங்களைப்போல ஆக்கள் வாசிக்காமல் என்னைச் சாகடிச்சவை. நோயாளியின்ர படம் போடாதேங்கோ. வாசிச்சிருந்தா அந்தத் தம்பி மாங்குளத்தால திரும்பியிருக்கமாட்டான். மற்றச் சட்டம் எட்டும் பின்னால வருது, இருந்து வாசியுங்கோ. வாசிச்சு முடிச்சால் வாசிச்சனான் எண்டு எழுதவேண்டாம், அது பொய். சுப்பம்மா இருக்கிறா எண்டு எழுதுங்கோ. எழுதினாத்தான் மீனம்மா உள்ளுக்கு விடுவா.”

இரண்டு மாதத்தில் அறுபது பேர் அப்படி எழுதிவிட்டு உள்ளே வந்தார்கள். சஜீவன் எல்லாருக்கும் முதல் எழுதினான். வினோதனின் படத்தில் இப்போது முருகன் இல்லை, மீசையோடு அவனே சிரிக்கிறான். ‘மேலும் வாசிக்க’வைத் தொடாமல் மாங்குளத்தில் திரும்பியவன், இப்போது புதியவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி உயிரை வாங்குகிறான்.

போன வெள்ளிக்கிழமை முள்ளியவளையிலிருந்து ஒருவர் சேர வந்தார். மீனம்மா படத்தையும் குரலையும் அனுப்பினாள். எட்டுச் செக்கனில் பதில் வந்தது. கைகூப்பல், விளக்கு. ‘ஆழ்ந்த இரங்கல் அம்மா. அக்கா, நான் ஏ நெகட்டிவ்.’

உப்பு வரம்பில் இருந்த மீனம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏ நெகட்டிவ்! மூன்றே மூன்று பேர் இருக்கும் இரத்தம். நாளைக்கே யாருக்காவது தேவைப்படலாம். கை தானாக ‘சேர்’ என்ற இடத்துக்குப் போனது. பிறகு கையை இழுத்துக்கொண்டாள். குரலில் சொன்னாள்: “தம்பி, ஏ நெகட்டிவ் எண்டாலும் வெளிய நில்லுங்கோ. இருந்து கேட்டிட்டு வாங்கோ.”

அவருக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். ஒரு மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை. மீனம்மா பாத்திக்குள் இறங்கினாள், ஏறினாள், போனைப் பார்த்தாள், திரும்ப இறங்கினாள். விட்டிருக்கலாமோ என்று ஒருதரம் நினைத்தாள். இல்லை, விடக்கூடாது என்று பத்துத்தரம் நினைத்தாள். பின்னேரம் மூன்று மணிக்குப் போன் அதிர்ந்தது.

‘மன்னிக்கவும் அக்கா. முழுக்கக் கேட்டேன். எட்டையும் வாசித்தேன். சுப்பம்மா இருக்கிறா.’

மீனம்மா அவரைச் சேர்த்தாள். வழக்கம்போல அவர் எழுதியதைக் குறூப்பில் எல்லாரும் பார்க்கப் போட்டாள். ஸ்கந்தபுரத்திலிருந்து, எழுதத் தெரியாத சுப்பம்மா, குரலில் பதில் அனுப்பினாள்.

“ஓம் தம்பி, இருக்கிறன்.”